ஆய்வு மாணவருக்குப் பணம் எங்கே தட்டுகிறது?

எங்கள் கல்வி உதவி விண்ணப்பத்தில் 'ஆண்டுக் கட்டணம்' என்று ஒரு கட்டம் உண்டு. சென்ற ஆண்டு உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. முடித்த ஒரு சகோதரி அதை வெறுமையாக விட்டு, "கட்டணம் இல்லை, ஓராண்டு விடுதிச் செலவு மட்டும்" என்று கீழே எழுதியிருந்தார். விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று நாங்கள் ஒதுக்கிவிட்டோம். பிறகு விசாரித்தபோதுதான் தவறு எங்களுடையது என்று புரிந்தது.

மருத்துவம், பொறியியல் போல பி.எச்.டி.யில் கட்டணம் பெரிய சுமை அல்ல. தகுதித் தேர்வில் தேறியவருக்கு அரசே மாதச் சம்பளம் போல உதவித்தொகை தருகிறது. உயிர்வேதியியல் மாணவர்கள் எழுதுவது சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் லைஃப் சயின்ஸ் தாள். அதில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் ரூ.37,000, பிறகு ரூ.42,000. இது 2023 ஜனவரி முதல் உள்ள விகிதம்; வீட்டு வாடகைப் படி தனி. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் பெட் தேர்வு இன்னொரு வழி.

இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. "நெட் பாஸ்" என்றால் பணம் வரும் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். 2024 முதல் நெட் முடிவுகள் மூன்று தரமாக வருகின்றன. முதல் தரமான ஜே.ஆர்.எஃப்.புக்கு மட்டுமே அந்த உதவித்தொகை. மற்ற இரண்டும் பி.எச்.டி. சேர்க்கைக்கு உதவும், சோறு போடாது.

முன்பு சிறுபான்மையினருக்கென்று மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை இருந்தது. மற்ற திட்டங்களோடு ஒத்துப்போகிறது என்று கூறி, 2022-23 முதல் அதை நிறுத்துவதாக 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு அறிவித்தது. இப்போது நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் முக்கிய வாசல் ஓ.பி.சி. ஒதுக்கீடு. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் ஆகியோர் மத்தியப் பட்டியலில் உள்ளனர். ஆனால் மாநில பி.சி. முஸ்லிம் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவைச் சேராதவர் என்ற சான்றிதழைத் தாசில்தார் அலுவலகத்தில் தனியாக வாங்க வேண்டும். தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே வாங்கிவிடுவது நல்லது.

பணம் தட்டும் இடங்கள் மூன்று. முதலாவது, எம்.எஸ்சி. முடித்துத் தேர்வுக்குப் படிக்கும் ஓராண்டு. பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் வரன் பேச்சு தொடங்குவதும் அப்போதுதான். (திருமணம் ஆகிவிட்டாலும் ஆய்வு நின்றுவிட வேண்டியதில்லை. ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு விடுப்புக்கு யு.ஜி.சி. விதியில் இடமுண்டு.) இரண்டாவது, ஆய்வில் சேர்ந்த பின் முதல் தொகை கைக்கு வரும் வரையிலான மாதங்கள். காகிதங்கள் நகர்ந்து பணம் வர எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. விடுதியில் மெஸ் பில் மட்டும் மாதாமாதம் வந்துவிடும்.

மூன்றாவது, ஆய்வகச் செலவு. வழிகாட்டியிடம் திட்ட நிதி இருந்தால் அதிலிருந்து ரசாயனம் வாங்குவார். இல்லையென்றால் மாணவர் தலையில் விழும். ஒரு எலைசா கிட்டில் 96 குழிகள். அளவுகோல் கரைசல்களுக்கு 16 போனால் மீதி 80. ஒவ்வொரு ரத்த மாதிரியையும் இருமுறை சோதிப்பது வழக்கம் என்பதால் 40 பேரின் மாதிரிக்குத்தான் ஒரு கிட் போதும். அதன் விலையோ பல ஆயிரங்கள். இடையில் ஃப்ரீசர் பழுதானால் மாதிரிகளும் போயின, கிட்டும் போயிற்று.

இதில் ஜகாத் நிதி எதற்கு என்று உலமாக்களிடம் கேட்டோம். தேவையுள்ள மாணவரின் கையில் ஜகாத்தைக் கொடுத்து, அதை அவருக்கு உரிமையாக்கலாம். கல்லூரிக்குக் கருவி வாங்கித் தர அதைப் பயன்படுத்தக் கூடாது. ஆகவே தேர்வுக்குப் படிக்கும் ஆண்டுக்கு ஜகாத்திலிருந்தும், ஆய்வகச் செலவுக்கு ஸதகா நிதியிலிருந்தும் கொடுக்க முடிவு செய்திருக்கிறோம். உதவித்தொகை தாமதமாகும் மாதங்களுக்கு வட்டியில்லாக் கடன். நிலுவை வந்ததும் திருப்பித் தந்தால் போதும்.

விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை 'மாத வாழ்க்கைச் செலவு' என்று மாற்றிவிட்டோம். ஒதுக்கப்பட்ட சகோதரிக்கும் மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லி எழுதியிருக்கிறோம். மற்ற ஆய்வு மாணவர்கள் எம்.எஸ்சி. மதிப்பெண் பட்டியல், மஹல்லா ஜமாஅத் கடிதம், வழிகாட்டி கிடைத்திருந்தால் அவருடைய ஒப்புதல் கடிதம் ஆகியவற்றோடு வரலாம்.