கஞ்சாச் செடியின் நாரும் விதையும்: சட்டம் வகுத்துள்ள எல்லைகள்

கொச்சியை அடுத்த தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் வலை செப்பனிடுவோரின் கைகளில் இன்று காணப்படுவது நைலான் இழை. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கேரளக் கடற்கரையின் வலைகள் பருத்தி, சணப்பு முதலிய இயற்கை நார்களால் ஆனவை. கொச்சியில் 1957-இல் நிறுவப்பட்டு, இப்போது தோப்பும்படிப் பாலத்திற்கு அப்பால் வில்லிங்டன் தீவில் இயங்கிவரும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் போன்றவற்றின் ஆய்வுகள் செயற்கை இழைகளுக்கு வழிகாட்டின. பழைய நார்கள் படிப்படியாக மறைந்தன.

அந்தச் சணப்புக்கும் கஞ்சாச் செடிக்கும் தொடர்பு ஏதும் இல்லை. சணப்பு பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பசுந்தாள் உரமாக எந்த உழவரும் தடையின்றி விதைக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டையும் 'ஹெம்ப்' என்ற ஒரே சொல்லால் குறிப்பதால் குழப்பம் நேர்கிறது. 'ஹெம்ப்' என்று அச்சிட்ட எண்ணெய்ப் புட்டிகளும் மாத்திரைகளும் அங்காடிக்கு வரத் தொடங்கியுள்ள இந்நாளில், இக்குழப்பம் ஒருவரைச் சிறை வாயில் வரை கொண்டு செல்லக்கூடியது.

இச்செடியை அரசு கட்டுப்படுத்துவது புதிதன்று. 1893-94-இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு, முழுத் தடையைப் பரிந்துரைக்காமல், உரிமமும் தீர்வையும் கொண்ட கட்டுப்பாட்டையே ஆதரித்தது. அக்காலத்தில் கோட்டைக் கொச்சி சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. அதனை ஒட்டிய மட்டாஞ்சேரியோ கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தது. சிறிது தூரம் நடந்தால் வேறோர் ஆட்சியின் ஆயத்தீர்வைச் சட்டம்! கொச்சி அரசின் கொல்லம் ஆண்டு 1077-ஆம் ஆண்டு அப்காரிச் சட்டமே பின்னர் 1967-இல் கேரளம் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது.

இன்று நாடெங்கும் செல்லுபடியாவது 1985-ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டம். இது செடியை முழுமையாக நோக்காமல், உறுப்புக்களாகப் பிரித்து நோக்குகிறது. பூத்த அல்லது காய்த்த நுனிகளே கஞ்சா. பிரித்தெடுத்த பிசின் சரஸ். நுனிகளோடு சேராத விதையும் இலையும் கஞ்சா என்ற வரையறைக்குள் வாரா. 1961-ஆம் ஆண்டின் உலக ஒப்பந்தத்திலும் இதே வரையறையைக் காணலாம். ஆகவேதான் வட மாநிலங்கள் சிலவற்றில் பாங்கு உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுகிறது. எனினும் இலையைப் பற்றி மாநிலங்கள் தனியே சட்டம் செய்யலாம் என்பதால், ஓரிடத்து வழக்கத்தை மற்றோரிடத்தில் ஆதாரமாகக் காட்ட இயலாது.

வேறுபாடு நுட்பமானது, தண்டனையோ கடுமையானது. 1 கிலோகிராம் வரையிலான கஞ்சா சிறிய அளவு எனக் கொள்ளப்பட்டு, ஓராண்டு வரை கடுங்காவல் விதிக்கப்படலாம். 20 கிலோகிராமுக்கு மேற்பட்டால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு, கூடியது 20 ஆண்டு. எனவே கைப்பற்றிய மூட்டையில் நுனி எவ்வளவு, இலையும் தண்டும் எவ்வளவு என்ற கேள்வி வழக்குமன்றங்களில் திரும்பத் திரும்ப எழுகிறது. அனுமதியின்றிச் செடியை வளர்ப்பதும் 10 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமே. 'நாருக்காக வளர்த்தேன்' என்பது மட்டும் விடையாகாது.

நாருக்கும் விதைக்கும் வழியே இல்லை என்பதன்று. தொழில் நோக்கத்திற்காகப் பயிரிட அரசு ஆணை வழங்கலாம் என்று சட்டத்தின் 14-ஆம் பிரிவு கூறுகிறது. 2018-இல் உத்தரகாண்ட் இவ்வழியில் உரிமம் வழங்க முற்பட்டது. அங்கு பயிரிடப்படும் வகையில் போதை தரும் டெட்ராஹைட்ரோகன்னாபினால் 0.3 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது. வரம்பைச் சொல்வது எளிது, காப்பது கடினம். செடியின் வகை, பருவநிலை, அறுவடைக் காலம் ஆகியவற்றைப் பொறுத்து அளவு மாறுமாதலால், ஆய்வுக்கூடமும் நம்பகமான விதையும் இன்றி உரிமம் பெற்ற உழவரே குற்றவாளி ஆகும் இடர் உண்டு. இவ்விரண்டையும் உழவருக்குக் கிட்டச் செய்யாத அரசு, உரிமத் தாளை மட்டும் நீட்டுவதில் பயன் குறைவு.

விதையின் நிலை தெளிவானது. 2021 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக ஏற்றது. ஒரு கிலோகிராம் விதையில் டெட்ராஹைட்ரோகன்னாபினால் 5 மில்லிகிராமுக்கும், எண்ணெயில் 10 மில்லிகிராமுக்கும் மிகலாகாது. போதை தரும் என்ற குறிப்பு எதுவும் உறையில் இடம்பெறக் கூடாது.

கன்னாபிடியால் எனும் பொருளோ போதை தராதது. ஆயினும் விதையில் அது அநேகமாக இல்லை, இலையிலும் பூவிலுமே உள்ளது. எனவே கன்னாபிடியால் மிகுந்த எண்ணெய் உணவுச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. இலையிலிருந்து செய்யப்படுபவை பெரும்பாலும் 'விஜயா' என்ற பெயரில் ஆயுர்வேத மருந்துகளாக, 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டப்படி உரிமம் பெறுகின்றன. அச்சட்டத்தின் விதிகள் பாங்கை நச்சுப் பொருள்களின் பட்டியலில் சேர்த்துள்ளமையால், மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை உறையில் இருத்தல் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் உருமாற்றிப் பெறும் டெல்டா-8 போன்ற வடிவங்கள் 'ஹெம்ப்பிலிருந்து வந்தவை' என்று விளம்பரம் செய்யப்பட்டாலும், 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உளவெறியூட்டும் பொருள்களின் அட்டவணையில் அவை பெயர் குறித்தே இடம்பெற்றுள்ளன.

ஆக, தோப்பும்படிக் கடையொன்றில் 'ஹெம்ப்' என்ற பெயருடைய இரு புட்டிகள் அருகருகே இருக்கலாம். ஒன்றில் உணவு உரிம எண் இருக்கும். மற்றதில் ஆயுர்வேத மருந்து உரிம எண்ணும் எச்சரிக்கையும் இருக்கும். இரண்டில் ஒன்றும் இல்லாத மூன்றாவது புட்டியை வாங்குபவரும் விற்பவரும் எந்தச் சட்டத்தின் பாதுகாப்பிலும் இல்லை.