டிரெய்லர் விளக்கும் ப்யூஸும்

சென்ற அறுவடைக் காலத்தில் ஒரு நாள், பொழுது சாய்ந்து சற்று நேரம் கழித்து, திருநின்றவூரிலிருந்து திருவள்ளூர் செல்லும் நெடுஞ்சாலையில் நாம் போய்க்கொண்டிருந்தோம். வைக்கோல் பாரம் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று சாலையோரம் நின்றிருந்தது. பின்புறம் பொட்டு வெளிச்சமும் இல்லை. சைக்கிளில் வந்த நெசவாளர் ஒருவர் மிக அருகில் வந்த பிறகே அதைக் கண்டு, சைக்கிளைச் சாய்த்துக் கீழே விழுந்தார். முழங்கைச் சிராய்ப்போடு தப்பினார். டிராக்டர் ஓட்டுபவரை விசாரித்தோம். "மூணு நாளா எரியலீங்க. பல்பை மாத்தியும் பார்த்தாச்சு" என்றார். பல்பில் குற்றமில்லை, ப்யூஸ் போயிருந்தது.

கட்டை வண்டிக் காலத்தில் அச்சுக்கடியில் ஓர் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டனர். அது அணைந்தால் வண்டிக்காரருக்கு உடனே தெரியும். டிரெய்லர் விளக்கு அணைந்தாலோ, முன்னே அமர்ந்திருப்பவருக்குத் தெரிவதில்லை. பின்னால் வருபவருக்கே தெரியும், அதுவும் காலம் கடந்து. மனத்திலேயே கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர் இது. ஆனால் மனத்தில் எரியும் விளக்கு நெடுஞ்சாலைக்கு உதவாது. இருட்டிய பின் பின்புறம் சிவப்பு விளக்கு எரிய வேண்டுமென்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளிலும் உள்ளது. திருவாலங்காட்டுக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் அங்கத்தினர்கள் இதனை முக்கியமாகக் கவனித்தல் வேண்டும்.

முதலில் டிராக்டரின் சொந்தப் பின்விளக்கைப் பாருங்கள். அதுவும் டிரெய்லர் விளக்கும் சேர்ந்து அணைந்திருந்தால் ப்யூஸின்மீது சந்தேகம் கொள்ளலாம். டிராக்டர் விளக்கு எரிந்து டிரெய்லர் மட்டும் இருண்டிருந்தால், இணைப்புச் சாக்கெட்டையும் எர்த் ஒயரையும் பார்க்க வேண்டும்; டிரெய்லருக்கெனத் தனி ப்யூஸ் இருப்பின் அதையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எரியாவிடில் பெரும்பாலும் பல்புதான். பிரேக்கை மிதித்தால் திருப்ப விளக்கு மங்கலாக எரிகிறதா? அது எர்த் கோளாறு. கொக்கியின் வழியாகவே எர்த் கிடைக்குமென்று விட்டுவிடுவோர் பலர். கொக்கியில் துருவும் கிரீஸும் ஏறியபின் அது நிச்சயமில்லை. தனி ஒயர் இழுத்துவிடுவதே நன்று.

ப்யூஸ் பெட்டி பொதுவாக மீட்டர் பலகையின் கீழோ, பாட்டரியின் அருகிலோ இருக்கும். எந்த ப்யூஸ் எந்த விளக்குக்கு என்பது வண்டியுடன் வந்த கையேட்டில் காணப்படும். கண்ணால் பார்த்து மட்டும் நல்லதென்று முடிவு செய்யலாகாது. கண்ணாடி ப்யூஸில் மூடியினுள் கம்பி அறுந்திருப்பதுண்டு. 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் கட்டி, ஒன்றை டிராக்டரின் இரும்பு உடலில் வைத்து, விளக்கு ஸ்விட்சைப் போட்டுவிட்டு மற்றதால் ப்யூஸின் இரு முனைகளையும் தொடுங்கள். இரு முனையிலும் எரிந்தால் ப்யூஸ் நல்லது. ஒரு முனையில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. இரண்டிலும் எரியாவிடில் அதுவரை மின்சாரமே வரவில்லை.

புதிய ப்யூஸ் போட்டதும் வேலை தீர்ந்ததாக எண்ணுவதில்தான் பெரும் பிழை உள்ளது. கணக்குப் பாருங்கள். பிரேக் விளக்கு இரண்டு, தலா 21 வாட். ஆக 42 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் மூன்றரை ஆம்பியர். பின்விளக்கு 5 வாட்டாதலால் அதனினும் சொற்பம். 10 ஆம்பியர் ப்யூஸ் இந்தப் பல்புகளால் உருகாது. ஒயர் எங்கோ உரசித் தோல் தேய்ந்து இரும்பைத் தொட்டிருக்கிறது. அதனைத்தான் ப்யூஸ் நமக்குச் சொல்லியிருக்கிறது. அது மறுபடியும் போனால் சிலர் கம்பித் துண்டையோ சிகரெட் தாளையோ செருகிவிடுகின்றனர். சிலர் சிவப்பு நிறப் 10 ஆம்பியருக்குப் பதில் பச்சை நிற 30 ஆம்பியரைப் போடுகின்றனர். அதன்பின் ப்யூஸ் உருகாது, ஒயர் காயும். மேலே வைக்கோல் இருக்கும்போது அது என்னவாகுமென்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

தொட்ட இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழியுண்டு. ப்யூஸைக் கழற்றிவிட்டு, அதன் இரு முனைகளுக்கும் இடையே 21 வாட் பல்பு ஒன்றை இணையுங்கள். கோளாறு இருக்கும்வரை அது முழுப் பிரகாசத்துடன் எரியும். டிரெய்லர் இணைப்பை உருவியதும் அணைந்தால் குற்றம் டிரெய்லரில். மறுபடி இணைத்து, ஒயரைக் கொக்கியிலிருந்து பின்னோக்கிச் சிறிது சிறிதாக அசைத்து வாருங்கள். எங்கே பல்பு மங்குகிறதோ அங்கே பாருங்கள். திரும்பும்போது ஒயர் நசுங்கும் கொக்கியருகிலும், சட்டத்தின் துளை வழியே செல்லும் இடத்திலும் தேய்மானம் காணப்படுவது அதிகம். அங்கே ரப்பர் குழாய் சுற்றிக் கட்டலாம்.

அன்றிரவு அந்த டிரெய்லரில் ஒயர் நசுங்கியிருந்ததும் கொக்கியருகில்தான். நெசவாள அன்பர் டார்ச்சு பிடித்துக்கொள்ள, ஓட்டுநர் ஒயரைச் சுற்றிக் கட்டிப் புதிய ப்யூஸ் போட்டார். விளக்கு எரிந்தபின் இருவரும் அவரவர் வழி சென்றனர்.