காகிதத்தில் நடந்த விண்வெளிப் போர்

305. ஸ்டார் ட்ரெக் கணினி விளையாட்டில் இப்படி ஓர் எண் அச்சாகி வந்தால், ஆடுகிறவர் நிமிர்ந்து உட்கார வேண்டியதுதான். பக்கத்து மண்டலத்தில் எதிரிகளான கிளிங்கான்களின் 3 போர்க்கப்பல்கள், எரிபொருள் நிரப்ப ஒரு தளமும் இல்லை, 5 நட்சத்திரங்கள். மூன்றே இலக்கங்களில் வயிற்றைக் கலக்கிவிடும் விளையாட்டு அது.

1971-ல் கலிபோர்னியாவின் பள்ளி மாணவர் மைக் மேஃபீல்ட், இர்வைன் பல்கலைக்கழகத்தின் சிக்மா 7 கணினியில் இதைப் பேசிக் நிரல்மொழியில் எழுதினார். எம்.ஐ.டி.யில் 1962-லேயே உருவான ஸ்பேஸ்வார் விளையாட்டில் கப்பல்கள் திரையில் பறந்தன. ஆனால் அப்படியொரு திரை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? பலருக்கும் வாய்த்தது டெலிடைப்தான். காகிதச் சுருளில் நொடிக்கு 10 எழுத்துகளைத் தடதடவென்று அடிக்கும் இயந்திரம். வரைபடம் முழுதாக அச்சாகி முடியும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் யோசனை ஓடும். கைவேகத்துக்கு இங்கே வேலையே இல்லை.

64 மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் எட்டுக்கு எட்டுக் கட்டங்கள். பின்னாளில் பரவலான வடிவத்தில் ஆடுபவரின் என்டர்பிரைஸ் கப்பலுக்கு 3000 அலகு ஆற்றலும் 10 டார்பிடோக்களும் உண்டு. பயணம், கவசம், ஃபேசர் தாக்குதல் மூன்றுக்கும் அந்த 3000-லிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரே சம்பளத்தில் வாடகையும் வைத்தியமும் பார்க்கும் வீடு போலத்தான். கவசத்துக்கு அள்ளிக் கொடுத்தால் அடிக்கத் தெம்பிருக்காது. தாக்குதலில் கொட்டிவிட்டால் தளம்வரை போய்ச் சேர முடியாது. இந்த இழுபறிதான் விளையாட்டின் உயிர் என்பேன்.

டார்பிடோவுக்குத் திசையை எண்ணாகச் சொல்ல வேண்டும். வலப்பக்கம் 1, மேலே 3, இடைப்பட்ட திசைகளுக்கு 1.5 போன்ற பின்னமும் தரலாம். கப்பலின் கணினியே திசையைக் கணக்கிட்டுச் சொல்லும். அது அடிபட்டுவிட்டால் பென்சிலை எடுத்து நாமே கணக்குப் போட வேண்டும். குறி தப்பினால் அடுத்த அடி எதிரியுடையது. கோணத்தையும் விகிதத்தையும் இவ்வளவு ஆசையோடு கணக்கிட வைத்த வேறொரு விளையாட்டை நான் கண்டதில்லை.

1973-ல் டேவிட் ஆல் தொகுத்த பேசிக் விளையாட்டுப் புத்தகத்தில் இதன் நிரல் அச்சானது. அடுத்த ஆண்டு பாப் லீடம் கட்டளைகளை மூன்றெழுத்துச் சொற்களாக்கி மெருகேற்றினார். அந்த வடிவத்தைத் தாங்கி வந்த 1978-ஆம் ஆண்டுப் பதிப்பு, வீட்டுக் கணினி வாங்கியவர்களின் மேசைக்குப் போனது. அவர்கள் நூற்றுக்கணக்கான வரிகளைத் தாங்களே தட்டச்சு செய்தார்கள். ஆற்றல் போதவில்லை என்று நினைத்தவர்கள், நிரலில் 3000 இருந்த இடத்தைத் தேடிப்பிடித்து மாற்றினார்கள்.