குப்பியில் இருப்பது தண்ணீர்தானா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மதரஸாவில் ஓதிய சிறுமி ஒருத்தி, மற்றப் பிள்ளைகள் தின்பண்டம் தின்னும் வேளையில் கஞ்சி மட்டுமே குடிப்பாள். விசாரித்தபோது அவளுடைய உம்மா கண்கலங்க விவரம் கூறினார். மூன்று வயதில், அடுக்களை ஓரத்தில் இருந்த பழைய சோடாக் குப்பியை எடுத்துத் தண்ணீரென்று எண்ணி ஒரு மிடறு குடித்துவிட்டாளாம். அதில் இருந்தது ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட்.

குலசேகரம், அருமனைப் பகுதி வாசகியருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் பால் வெட்டி, தட்டங்களில் ஊற்றி, ஆசிட் கலந்து, உறைந்ததை உருளையில் கொடுத்து ஷீட் அடிப்பது அங்கே வீட்டு வேலைகளுள் ஒன்று. பார்மிக் அமிலம் என்பது அதன் பெயர். முதன்முதலில் எறும்புகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால் வந்த பெயர் அது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் 85 சதவிகிதச் செறிவுள்ளது. பார்வைக்குத் தண்ணீரேதான். அதைக் குளிர்பானக் குப்பியில் ஊற்றி வைப்பதுதான் நாம் செய்யும் பிழை. குழந்தைக்கு எழுத்துத் தெரியாது. குப்பியின் வடிவம் மட்டுமே தெரியும்.

சகோதரிகளே! இத்தகைய விபத்து நேர்ந்தால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் செய்வது, உப்புக் கரைசல் கொடுத்தோ தொண்டையில் விரல் விட்டோ வாந்தியெடுக்க வைப்பது. ஒருபோதும் கூடாது! இறங்கும்போது சுட்ட அமிலம் ஏறும்போது மீண்டும் சுடும். சோடா உப்புக் கொடுத்து முறிப்பதும் ஆகாது. வாயைத் தண்ணீரால் கழுவுங்கள். அமிலம் பட்ட உடையைக் களைந்து, உடலில் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். உடனே 108-ஐ அழைத்து, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ விரையுங்கள். குப்பியையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். பிள்ளை சிரித்து விளையாடினாலும் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே வெந்தது வெளியே தெரியாது. மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைக்கும் வாந்தி கூடாது; அது நுரையீரலுக்குள் புகுந்தால் கடும் நிமோனியாவை உண்டாக்கும்.

இரவில் பாத்திரங்களை மூடி, விளக்கை அணைத்து உறங்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததைப் பிள்ளைகளுக்கு நாம் ஓதிக்கொடுக்கிறோம். எலி திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடக்கூடும் என்று காரணமும் கூறினார்கள். எலிக்கு எட்டும் விளக்கைப் பற்றிப் பாடம் நடத்தும் நான், பிள்ளைக்கு எட்டும் குப்பியைப் பற்றி அதுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை.

அச்சிறுமிக்கு உணவுக்குழாய் சுருங்கிவிட்டது. மருத்துவர்கள் அதைப் பலமுறை விரித்துவிட்ட பின்னர், அல்லாஹ்வின் கிருபையால் இப்போது சோறு உண்கிறாள். நோன்பு திறக்கையில் பேரீச்சம்பழத்தை மட்டும் பாலில் ஊறவைத்துக்கொள்கிறாள். அவளுடைய வாப்பா இன்றும் ஷீட் அடிக்கிறார். ஆசிட் மட்டும் வீட்டுக்குள் வருவதில்லை. வெளிக்கொட்டகையில், ஆளுயரத்துக்கு மேல் ஒரு பூட்டிய பெட்டியில் இருக்கிறது.