கருப்பட்டி அடுப்புக்கு வெப்பம் தடுக்கும் கதவு

கடம்பூரிலிருந்து கிழக்கே விளாத்திகுளம், வேம்பார் வரை ஓடைக்கரைகளிலும் வரப்புகளிலும் நிற்கும் பனைகளில் மாசி முதல் ஆனி வரை பதனீர் இறக்கப்படுகிறது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினாலும் அன்றைய பதனீரை அன்றே காய்ச்சியாக வேண்டும். பனை ஏறுவது ஆண்கள் என்றால், அடுப்படியில் வேகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். கத்திரி வெயிலில் திறந்த அடுப்பு வாய்க்கு எதிரே மணிக்கணக்கில் விறகு தள்ளுவதன் கஷ்டம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முழங்காலைச் சுடும் அந்த அனல், காசு கொடுத்து வாங்கிய அல்லது முள்ளில் கீறுபட்டு வெட்டிய விறகின் சூடுதான்.

100 லிட்டர் பதனீரில் ஏறத்தாழ 88 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போக வேண்டும். காய்ந்த சீமைக்கருவேல் விறகு கிலோவுக்கு 4,000 கலோரி (கிலோ கலோரி) தருவதாகக் கொண்டால், கணக்குப்படி 14 கிலோ விறகே போதும். ஆனால் எரியும் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் சட்டிக்குச் சேர்கிறது என்றால் 70 கிலோ வேண்டும். மீதி வெப்பம் புகையோடும், சுவர் வழியாகவும், அடுப்பு வாய் வழியாகவும் போய்விடுகிறது. 40 செ.மீ. சதுர வாய் திறந்தே இருந்து, உள்ளே கனல் 800 டிகிரியில் இருக்குமானால், மணிக்கு இரண்டரைக் கிலோ விறகின் வெப்பம் வெளியே வீசப்படும். அத்துடன் தேவைக்கு மேல் புகும் குளிர்ந்த காற்று சட்டியின் அடியைக் குளிர வைக்கும்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மேப்பிள் மரத்து நீரைக் காய்ச்சுகிறவர்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. அந்த நீரில் இனிப்பு நூற்றுக்கு இரண்டு பங்கே இருப்பதால் 40 லிட்டரைக் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் பாகு. எனவே அங்கு விறகு அடுப்பின் இரும்புக் கதவுக்கு உட்புறம் தீச்செங்கல்லோ பீங்கான் இழைப் போர்வையோ பதிக்கிறார்கள். வெறும் இரும்புக் கதவு தானே பழுக்கக் காய்ந்து அனல் வீசும், நாளடைவில் கோணிக்கொள்ளும்.

நம் பக்கம் மண்ணே போதும். ஆனால் கரிசல் மண் கூடவே கூடாது. காய்ந்தால் வெடிக்கும் அதன் குணம் கதவிலும் போகாது. புற்றுமண் அல்லது களிப்பான செம்மண்ணைச் சலித்து, அதே அளவு உமி சேர்த்து, இரண்டு நாள் புளிக்க வைத்து மிதிக்க வேண்டும். தீயில் உமி எரிந்துபோய் மண்ணில் சிறு துளைகள் விழும். வெப்பத்தைத் தடுப்பது அந்தத் துளைகளில் நிற்கும் காற்றே. நெல் இல்லாத ஊரில் நிலக்கடலைத் தொலியைப் பொடித்துச் சேர்க்கலாம்.

இரும்புத் தகட்டின் உட்புறத்தில் சாண் இடைவெளியில் கம்பிக் கொக்கிகளைப் பற்றவைத்து, அவற்றைப் பிடித்துக்கொள்ளும்படி 5 செ.மீ. கனத்துக்கு மண்ணை அப்ப வேண்டும். பத்து நாள் நிழலில் உலர்த்தி, முதலில் சிறு தீ மட்டும் போட வேண்டும். அவசரப்பட்டால் ஈரம் ஆவியாகி மண் பெயர்ந்து விழும். கதவின் வெளிப்புறம் இரண்டு விரல் இடைவெளி விட்டு, மேலும் கீழும் திறந்தபடி ஒரு மெல்லிய தகரம் மாட்டினால் எதிரே நிற்பவருக்கு அனல் வெகுவாகக் குறையும். அப்போதும் வெறுங்கையால் தொடலாகாது. மண் பூசிய கதவு 10 கிலோவுக்கு மேல் கனக்குமாதலால் கீலை மண்சுவரில் அடிக்காமல், கட்டுமானத்தில் புதைத்த ஆங்கிள் சட்டத்தில் பொருத்துவது நலம்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகள் சும்மா கிடைக்கிறதென்று கதவுக்குப் பயன்படுத்தலாகாது. அதன் தூசி நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். பீங்கான் இழை வாங்குவோரும் வெட்டும்போது மூக்கையும் வாயையும் தூசி புகாத முகமூடியால் மூடிக்கொள்ள வேண்டும்.

வாயை அடைத்தால் காற்றுக்கு வேறு வழி வேண்டும். கம்பிக் கிராதியின் கீழே, சாம்பல் குழிப் பக்கம், அடைத்துத் திறக்கும்படி ஒரு துளையும், பின்புறம் புகைபோக்கியும் இல்லாத அடுப்பில் கதவு போட்டால் புகைதான் மிஞ்சும்.

இன்னொன்று. கதவு போட்ட அடுப்பு விறகை நிறுத்திய பிறகும் சூட்டை விடாது. பாகு திரண்டு, தண்ணீரில் விட்டால் உருளும் பதத்துக்கு வரும் வேளையில் இது ஆபத்து. ஒரு நிமிடத்தில் அடிப்பிடித்துக் கருப்பட்டி கசந்துவிடும். எனவே பழைய வழக்கத்தைவிடச் சற்று முன்னதாகவே விறகை நிறுத்தி, பதம் நெருங்கும்போது கதவைத் திறந்து கனலை வெளியே இழுத்துவிட வேண்டும். எவ்வளவு முன்னதாக என்பது ஒவ்வோர் அடுப்புக்கும் மாறும். முதல் நாலைந்து காய்ச்சலில் பிடிபட்டுவிடும்.