சக்கர நாற்காலியும் உட்காரும் இடத்துப் புண்ணும்

எலும்பு அழுத்தும் இடம்

உட்காரும்போது உடல் எடையின் பெரும்பகுதியைப் புட்டத்துக்குள் இருக்கும் இரண்டு எலும்பு முனைகள் தாங்குகின்றன. எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவே சதை நசுங்கி ரத்த ஓட்டம் தடைபடும். உணர்ச்சி உள்ளவர் தன்னையறியாமலே அசைந்து உட்கார்ந்துவிடுவார். முதுகுத்தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு உறுத்தலே தெரியாமல் போகலாம். வியர்வையும் ஈரமும், சறுக்கி உட்காருவதால் தோல் இழுபடுவதும் சேர்ந்தால் புண் சீக்கிரம் வரும். பல நேரங்களில் எலும்பையொட்டிய சதைதான் முதலில் அழுகுகிறது. வெளியே சிறிதாகத் தெரிவது உள்ளே பெரிய குழியாக இருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலம்வரை தண்டுவடம் முறிந்தவர்கள் பலர் இந்தப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலுமே இறந்தார்கள். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944இல் பொறுப்பேற்ற மருத்துவர் லுட்விக் குட்மன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும் முறையைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார்.

அளவெடுத்தல்

மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் மடக்கு நாற்காலி, நோயாளியை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கொண்டுபோவதற்கானது. அதிலேயே நாள் முழுக்க வாழ்வது வேறு விஷயம். அதன் ரெக்சின் இருக்கை நாளடைவில் தொட்டில்போலத் தொய்ந்து, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துவிடும்.

இருக்கையின் அகலம் இடுப்பளவுக்கு ஒட்டியிருக்க வேண்டும். 'வளர்ந்தாலும் உதவும்' என்று குழந்தைக்குப் பெரிதாக வாங்குவது சட்டைக்குச் சரி, நாற்காலிக்கு ஆகாது: உடல் ஒருபக்கமாகச் சாயும், கைக்குச் சக்கரம் எட்டாது. இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இடையே 3 முதல் 6 செ.மீ. இடைவெளி வேண்டும். அது இல்லையென்றால் ஆள் முன்னே சறுக்கி வால் எலும்பின்மேல் உட்காருவார். கால்மிதி உயர்ந்திருந்தால் தொடை இருக்கையில் படியாமல் எடை முழுவதும் அந்த இரண்டு முனைகளில் இறங்கும். குஷனைப் போட்ட பிறகே கால்மிதியைச் சரிசெய்ய வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான். சக்கரத்தின் உச்சியில் கைவைத்தால் முழங்கை 100 முதல் 120 டிகிரி கோணத்தில் மடங்கியிருப்பது தள்ளுவதற்குத் தோதானது.

குஷன்

ரப்பர் பஞ்சு மலிவானது, ஆனால் அமுங்கித் தட்டையாகிவிடும்; அப்போது மாற்றியே ஆக வேண்டும். ஜெல் கனமானது. காற்றறை குஷன் அழுத்தத்தை நன்றாகப் பரப்பும், ஆனால் காற்றைத் தவறாமல் பார்க்க வேண்டும். ஆள் உட்கார்ந்திருக்கும்போது அடியில் கைவிட்டு, எலும்பு முனை குஷனின் அடித்தளத்தைத் தொடாமல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். காற்றடைத்த வளையம் உதவாது. நடுவில் தொங்கும் தோலுக்கு ரத்தம் வராமல் வளையமே நெரிக்கும். பின்பாக்கெட்டில் பர்ஸ், சாவி, ஜீன்ஸின் தடித்த தையல் இருந்தால் எத்தனை விலை கொடுத்த குஷனும் வீண்.

எடையை இறக்குதல்

15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முழங்காலில் மார்பு படும்படி முன்னே குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். கைகளை ஊன்றி எழும்புவதை யாராலும் அத்தனை நேரம் தாக்குப்பிடிக்க முடியாது, தோளும் தேயும்.

தோலைப் பார்த்தல்

காலையும் இரவும் கைக்கண்ணாடி வைத்துப் புட்டத்தையும் வால் எலும்புப் பகுதியையும் பார்ப்பது அவசியம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுத்திருத்தல், சூடு, கல்போல இறுகுதல் ஆகியவையே அறிகுறிகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும், மறையும்வரை அந்த இடத்தில் எடை விழக்கூடாது. தோல் கிழிந்தாலோ நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். புண் ஆறிய பிறகு முதல் நாள் 15 நிமிடம்போல மட்டும் உட்கார்ந்து, தோலைப் பார்த்துக்கொண்டே நேரத்தைக் கூட்டுவார்கள்.