நாடியில் தாளம் தப்பினால்

சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பும் மூத்தவர்களிடம் கேட்டால், "கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குது, வயசாச்சு இல்ல" என்பார்கள். எல்லாப் பழியையும் வயதின் மேல் போட்டுவிட வேண்டாம். மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே இரு விரல்களை வைத்து ஒரு நிமிடம் நாடியைப் பாருங்கள். இரண்டு துடிப்பு நெருங்கி வந்து, அடுத்தது தாமதித்து, பிறகு மூன்று ஓடிவந்தால், அது 'ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன்' எனப்படும் மேலறை நடுக்கமாக இருக்கலாம்.

இதயத்தின் வலது மேலறையில் உள்ள ஒரு கணுதான் தாளம் போடுகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு. இந்த நோயில் மேலறைகளுக்குள் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்துடிப்புகள் தாறுமாறாகச் சுழல்கின்றன. மேலறை சுருங்கி விரிவதற்குப் பதிலாக நடுங்குகிறது. இடது மேலறையின் ஓரத்தில் உள்ள சிறு பையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ 5 மடங்கு என்று 1991இல் வெளியான அமெரிக்காவின் ஃபிரமிங்காம் ஆய்வு காட்டியது. சிலருக்குப் படபடப்புகூட இருக்காது. பக்கவாதம் வந்த பிறகே நோய் தெரியவரும்.

இது மாரடைப்பு அல்ல. மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைபடுகிறது, இதில் மின்னோட்டம் குழம்புகிறது. ஆனாலும் இரண்டும் உறவுக்காரர்கள். பல ஆண்டு ரத்தக் கொதிப்பு இடது கீழறையைத் தடிக்க வைக்கும். அந்த அழுத்தம் பின்னோக்கி ஏறி மேலறையை விரிக்கும். விரிந்த மேலறையில் நடுக்கம் எளிதில் குடியேறும். குழாய் அடைப்பு, நீரிழிவு, உடல் பருமன், தைராய்டுக் கோளாறு, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, மது எல்லாமே வழிவிடும். இதயச் செயலிழப்பும் இந்நோயும் சேர்ந்துவிட்டால் ஒன்று மற்றதை மோசமாக்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பது அந்த இதயத்துக்குத்தான் பொருந்தும்.

ஊரிலிருந்து வந்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிறுவயதில் தொண்டை வலியைத் தொடர்ந்து மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா? அது ருமாட்டிக் காய்ச்சலாக இருந்தால், இடது பக்க மைட்ரல் வால்வு பல ஆண்டுகள் கழித்துச் சுருங்கி, மேலறை நடுக்கமாக வெளிப்படலாம். மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள், மருந்தே மாறும். ரத்தம் உறையாமல் தடுக்கப் புதிய மாத்திரைகள் பலருக்கு ஏற்றவை. வால்வு கடுமையாகச் சுருங்கியவர்களுக்கோ பழைய வார்ஃபரின்தான். ருமாட்டிக் இதயநோய் உள்ளவர்களிடம் நடந்து 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்விலும், புதிய மாத்திரையான ரிவராக்சபானைவிட வார்ஃபரின் வகை மருந்தே மேலாக இருந்தது.

வார்ஃபரின் என்றதும் முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம். கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைக்கும் என்பது உண்மைதான். அதனால் ஒரு வாரம் கட்டுக்கட்டாகவும் அடுத்த வாரம் துளியுமில்லாமலும் சாப்பிடக் கூடாது. வாரந்தோறும் ஒரே அளவாக இருந்தால், ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் மருந்தின் அளவைச் சரிசெய்வார். நாட்டு மருந்து எதையும் அவரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். "ஆஸ்பிரின் போடுறேனே, போதாதா?" என்று கேட்பவர்களுக்குப் பதில்: இந்த நோயில் பக்கவாதத்தைத் தடுக்க அது போதாது.

நாடி தப்பினால் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ ஒரு இசிஜி எடுத்துப் பாருங்கள். சில நிமிட வேலை. தாளம் தப்புவது வந்து வந்து போகிறது என்றால், ஒரு நாளோ அதற்கு மேலோ உடலில் பொருத்திப் பதிவுசெய்யும் கருவியும் உண்டு. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ படுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். உடனே 995ஐ அழையுங்கள்.